‘இது பத்திரமான விமானம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது யார்?

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு கராஜில் கட்டிய இரண்டு இருக்கை விமானத்தில் உங்களை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறுகிற இடத்திலேயே ‘எக்ஸ்பெரிமென்ட்டல்’ என்று எழுதியிருக்கும். அந்த எழுத்தின் உயரம் 2 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அதைச் சட்டமே அளந்து சொல்லியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியதும் கண்ணெதிரே ஒரு சின்னத் தகடு தெரியும். ‘பயணிக்கு எச்சரிக்கை’ என்று தொடங்கும் அதன் சாரம் இதுதான்: இந்த விமானம் தொழில்முறையாளர் அல்லாத ஒருவரால் கட்டப்பட்டது, வழக்கமான விமானங்களுக்கு உள்ள கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகளை இது நிறைவு செய்யவில்லை.

முதன்முறை இதைப் படிக்கிறவருக்குத் தூக்கிவாரிப் போடும். விதிகளை நிறைவு செய்யாத விமானத்துக்கு அரசு எப்படி அனுமதி கொடுத்தது? கொடுத்துவிட்டு, நிறைவு செய்யவில்லை என்று அதன் மேலேயே எழுதியும் வைக்கச் சொல்வது என்ன நியாயம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், சொந்தமாகக் கட்டும் விமானங்களுக்கான சான்றிதழ் முறை முழுவதும் விளங்கிவிடும். நான் படித்த விமானத்துறை விதிகளிலேயே மிக நேர்மையான ஒரு பகுதி இது என்று நினைக்கிறேன். அதே சமயம், இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

செஸ்னா, பைப்பர் போன்ற ஆலை விமானம் ஒன்று வானில் ஏறுவதற்கு முன் மூன்று வாசல்களைத் தாண்டி வருகிறது. முதலில் வடிவமைப்புக்கு ஒப்புதல்: இறக்கை எத்தனை மடங்கு சுமையைத் தாங்கும், வேகம் குறைந்தால் எப்படி நடந்துகொள்ளும், தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் கணக்கிட்டு, சோதித்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடம் காட்ட வேண்டும். அடுத்தது, அதே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பிசகாமல் செய்யும் திறன் ஆலைக்கு உண்டா என்பது. கடைசியாக, ஆலையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு விமானமும் அந்த ஒப்புதல் பெற்ற வடிவத்தோடு பொருந்துகிறதா, பறக்கத்தக்க நிலையில் இருக்கிறதா என்பது. இத்தனையும் முடிந்தால்தான் வழக்கமான தகுதிச் சான்றிதழ் கிடைக்கும்.

கராஜில் கட்டுகிறவருக்கு இந்த மூன்றில் முதல் இரண்டுமே கிடையாது. ஒப்புதல் பெற்ற வடிவம் என்று ஒன்று இல்லாதபோது, மூன்றாவது வாசலில் எதை எதோடு ஒப்பிடுவது? அதனால் விதி கேள்வியையே மாற்றிக் கேட்கிறது. ‘இந்த விமானம் எப்படிப்பட்டது?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘இதை யார் கட்டினார், எதற்காகக் கட்டினார்?’ என்று விசாரிக்கிறது. கூட்டாட்சி விமான விதிகளின் 21.191ஆம் பிரிவில் இதற்கென்று ஒரு வரி இருக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியை, தம் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே இந்த வேலையில் இறங்கியவர்கள் உருவாக்கி ஒன்றுசேர்த்திருக்க வேண்டும். சான்றிதழின் அஸ்திவாரமே இந்த ஒரு வரிதான்.

‘பெரும்பகுதி’ என்பதைத்தான் கட்டுகிறவர்கள் ‘51 சதவீத விதி’ என்று அழைக்கிறார்கள். 51 சதவீதம் என்றால் எதில்? எடையிலா, செலவிலா, உழைத்த மணிநேரத்திலா? மூன்றிலும் இல்லை. வேலைகளை எண்ணித்தான் கணக்குப் பார்க்கிறார்கள். இறக்கையின் விலா எலும்புகளைச் செய்தது யார், தகட்டைப் பொருத்தியது யார், கட்டுப்பாட்டுக் கம்பிகளை இழுத்தது யார் என்று எஃப்.ஏ.ஏ.விடம் நீளமான பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேலையும் ‘கிட்’ எனப்படும் விமானப் பாகங்களின் தொகுப்பை விற்கும் நிறுவனத்துடையதா, கூலிக்கு வந்தவருடையதா, கட்டுகிறவருடையதா என்று பிரித்துப் போடுகிறார்கள். எஞ்சின், ப்ரொப்பெல்லர், சக்கரம், கருவிகள் எல்லாம் கடையில் வாங்கியதாகவே இருக்கலாம். எஞ்சினை வீட்டில் வார்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஓரிகன் மாநிலத்தின் வான்ஸ் நிறுவனம் போன்ற பெரிய கிட் விற்பனையாளர்களின் பெட்டிகளை எஃப்.ஏ.ஏ. முன்கூட்டியே பிரித்துப் பார்த்து, ‘இந்தக் கிட்டை வாங்கிக் கட்டினால் பெரும்பகுதி உங்கள் கையால்தான் ஆகும்’ என்று பட்டியலிட்டு வைத்திருக்கிறது. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஒரு கிட் இருக்கிறது என்றால் அது தரமான கிட் என்று அரசு சொல்லிவிட்டதாக அர்த்தமில்லை. வேலைப் பங்கீட்டுக் கணக்கு சரியாக வருகிறது என்பது மட்டும்தான் பொருள்.

இந்தக் கணக்கில் 2008இல் பெரிய சண்டை வந்தது. பணம் உள்ளவர்கள் கிட்டை வாங்கி, வேறு ஆட்களிடம் கொடுத்து, முழு விமானமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, ‘நான்தான் கட்டினேன்’ என்று கையெழுத்துப் போடும் பழக்கம் பெருகியிருந்தது. எஃப்.ஏ.ஏ. புதிய கிட் மதிப்பீடுகளை நிறுத்திவைத்தது. புதிதாகச் செய்வதில் 20 சதவீதம், பொருத்துவதில் 20 சதவீதம் கட்டாயம் கட்டுகிறவர் கையால் ஆக வேண்டும் என்றும் ஒரு யோசனை வந்தது. கட்டுகிறவர்களின் எதிர்ப்பில் அந்த 20-20 கணக்கு கைவிடப்பட்டது. 2009இல் வெளியான வழிகாட்டுக் குறிப்பிலும் வேலைப் பட்டியலிலும், பணம் கொடுத்து வாங்கிய உதவியைத் தனியாகக் காட்டியே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். கல்விக்காகக் கட்டினேன் என்று சொல்லிவிட்டுக் கல்வியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் இந்தச் சலுகைக்கு என்ன அடிப்படை மிஞ்சும்? அந்தச் சண்டையில் எஃப்.ஏ.ஏ. கேட்டது நியாயமான கேள்வி என்பதே என் கருத்து.

இந்தச் சலுகை சும்மா கிடைத்ததும் இல்லை. 1938க்குப் பிறகு கூட்டாட்சி விமானச் சட்டங்கள் இறுகியபோது வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் ஏறத்தாழ சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். ஓரிகன் மாநிலம் மட்டும் இவர்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்து வைத்திருந்தது. அங்கே பீவர்டன் என்ற ஊரில் கூடிய ஒரு கூட்டத்தில் ஜார்ஜ் போகார்டஸ் என்பவர் இருந்தார். 1947இல் அவர் ‘லிட்டில் ஜீ பீ’ என்ற ஒற்றை இருக்கை விமானத்தில் ஓரிகனிலிருந்து நாட்டின் மறுகோடியில் உள்ள வாஷிங்டனுக்குப் பறந்து போனார். வீட்டில் கட்டியது இத்தனை தூரம் வந்து சேரும் என்று அதிகாரிகளுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல மனு எது? ஒரு பயணத்தோடு அவர் விடவுமில்லை. 1952 வாக்கில், சொந்தக் கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் கட்டும் விமானம் என்ற பிரிவு கூட்டாட்சி விதியில் ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு, 1953இல், பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் இ.ஏ.ஏ. என்ற சோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். லிட்டில் ஜீ பீ இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

சரி, கட்டுவது யார் என்று தெரிந்தாயிற்று. ஒழுங்காகக் கட்டினாரா என்பதை எப்படிப் பார்ப்பது?

நம் ஊரில் வீடு கட்டும்போது, கூரைக்குக் கம்பி கட்டி முடித்ததும் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கான்கிரீட் ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டால் அப்புறம் உள்ளே எட்டு எம்.எம். கம்பியா, பத்து எம்.எம். கம்பியா என்று யாராலும் சொல்ல முடியாது. விமான இறக்கையும் அப்படித்தான். உள்ளே முதுகெலும்பு போல ஒரு நீண்ட விட்டம், குறுக்கே விலா எலும்புகள், மேலே மெல்லிய அலுமினியத் தகடு. தகட்டை மூடி ரிவெட் ஆணி அடித்துவிட்டால் உள்ளே நடந்தது உள்ளேயே போய்விடும். மூடுவதற்கு முன் எஃப்.ஏ.ஏ. ஆய்வாளர் வந்து பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் ஒரு காலத்தில் இருந்தது. 1980களில் அதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக இப்போது இருப்பது கட்டுகிறவர் எழுதும் நாட்குறிப்பும், அவர் எடுத்த படங்களும்தான். இ.ஏ.ஏ. சங்கம் அனுபவசாலிகளைத் தொழில்நுட்ப ஆலோசகர்களாக வைத்திருக்கிறது. கூப்பிட்டால் வந்து, மூடுவதற்கு முன் பார்த்துச் சொல்வார்கள். கூப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

டெக்சஸில் இருக்கும் என் நண்பர் ஒருவரின் கராஜில் இப்படி ஒரு கிட் வளர்வதைப் பார்த்திருக்கிறேன். காரை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே வால் பகுதியை வளர்த்துக்கொண்டிருந்தார். கிட்டில் முதலில் வருவது வால்தான். இறக்கையில் கை வைப்பதற்கு முன் கை பழக வேண்டும் என்பதால் அந்த வரிசை. எட்டில் ஒரு பங்கு அங்குலக் கனமுள்ள ரிவெட்டை ஒரு பக்கம் காற்றுச் சுத்தியால் அடிக்க, மறுபக்கம் எஃகுக் கட்டை ஒன்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அடி வாங்கிய முனை நசுங்கி விரிந்து ஒரு தலையாகும். அந்தத் தலையின் அகலம் ரிவெட்டின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கும், உயரம் அரை மடங்கும் இருக்க வேண்டும். குறைந்தால் பிடிப்புப் போதாது, மிஞ்சி நசுங்கினால் வெடிப்பு விடும். இதை அளக்க அவரிடம் ஓட்டை போட்ட ஒரு சின்னத் தகடு இருந்தது. நான் பார்த்த அன்று, வரிசையாக அடித்தவற்றில் ஒன்று சாய்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார், துளையிட்டு அதைப் பிடுங்கினார், புதிதாக அடித்தார். பிடுங்கியதை அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னில் போட்டார். டின் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பிறகு நாட்குறிப்பில் தேதி போட்டு, இன்ன இடத்தில் இந்த ரிவெட்டை மாற்றினேன் என்று எழுதி, படமும் எடுத்தார். அந்தச் சாய்ந்த ரிவெட்டை அவர் அப்படியே விட்டிருந்தால் எந்த ஆய்வாளர் கண்ணிலும் அது பட்டிருக்காது. முழு விமானத்தில் இப்படிப் பல ஆயிரம் ரிவெட்டுகள்.

எல்லாம் கூடி முடிந்ததும் ஆய்வு நாள் வரும். எஃப்.ஏ.ஏ. ஊழியரே வரலாம். ஆனால் அவர்கள் கையில் ஆள் குறைவு என்பதால் பெரும்பாலும் வருவது ‘டி.ஏ.ஆர்.’ எனப்படும் நியமனப் பிரதிநிதி. அவர் கட்டணம் வாங்கிக்கொள்வார். வருவதற்கு முன்பே காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும்: பதிவுச் சான்றிதழ், விண்ணப்பம், பெரும்பகுதியை நான்தான் கட்டினேன் என்ற உறுதிமொழிப் படிவம், விமானத்தை மூன்று பக்கமிருந்து காட்டும் வரைபடமோ படங்களோ, எடைக் கணக்கு, நாட்குறிப்பு. உறுதிமொழியில் பொய் சொன்னால் அது கூட்டாட்சிக் குற்றம்.

எடைக் கணக்கை லேசாக நினைக்க வேண்டாம். மூன்று சக்கரத்துக்கும் அடியில் மூன்று தராசு வைத்து, விமானத்தை மட்டமாக நிறுத்தி எடை பார்த்து, எடை மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிடுவார்கள். அது அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்னால் போனால், மூக்கைக் கீழே இறக்கவே முடியாத விமானமாகிவிடும்.

வந்தவர் மூடிகளையெல்லாம் கழற்றச் சொல்வார். எஞ்சின் கவசம், தரைப் பலகை, இறக்கையின் அடியில் உள்ள பார்வைத் துளைகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டு இணைப்புகளைப் பார்ப்பார். போல்ட்டில் நட்டு கழலாமல் பின் போட்டிருக்கிறதா, பாதுகாப்புக் கம்பி முறுக்கிய திசை சரியா, எரிபொருள் குழாய் எங்காவது உரசுகிறதா. கட்டுப்பாட்டுக் குச்சியை வலப்பக்கம் சாய்த்தால் வலது இறக்கையின் மடல் மேலே எழும்புகிறதா என்றும் பார்ப்பார். சிரிக்காதீர்கள், இது தலைகீழாகப் பொருத்தப்பட்டு ஆட்கள் செத்திருக்கிறார்கள். பிறகு, தீயில் உருகாத பெயர்த் தகடு இருக்கிறதா என்பார். அதில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் கட்டியவரின் பெயர்தான் இருக்கும். முருகேசன் என்பவர் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7 கிட்டைக் கட்டினால், சட்டத்தின் கண்ணில் அந்த விமானத்தின் தயாரிப்பாளர் முருகேசன்தான், கிட் விற்ற கம்பெனி அல்ல.

எல்லாம் ஒத்துவந்தால் இளஞ்சிவப்புக் காகிதத்தில் சிறப்புத் தகுதிச் சான்றிதழும், பல பக்க நிபந்தனைகளும் கைக்கு வரும். ஆய்வாளர் பதிவேட்டில் எழுதுவதைக் கவனியுங்கள். கேட்கப்பட்ட சான்றிதழுக்கான தேவைகளை இந்த விமானம் நிறைவு செய்கிறது, சான்றிதழ் வழங்கினேன் என்ற அளவில் நிறுத்திக்கொள்வார். அவர் கண்ணில் ஆபத்தான குறை பட்டால் சான்றிதழை நிறுத்திவைக்க அவரால் முடியும். ஆனால் இந்த வடிவமைப்பு நல்ல வடிவமைப்பு, இது எல்லா வேகத்திலும் ஒழுங்காகப் பறக்கும் என்று அவர் எங்கும் எழுதுவதில்லை. சில மணி நேரப் பார்வையில் அதை எழுதுவதற்கு அவருக்கு வழியும் இல்லை.

அப்படியானால் எழுதுவது யார்? அதற்குத்தான் முதல் கட்டச் சோதனைப் பறப்பு. எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் சான்றிதழ் பெற்ற ஜோடி என்றால் குறைந்தது 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம் என்பதுதான் நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்தில், மணிக்கணக்குக்குப் பதிலாகச் சோதனைப் பணிகளின் பட்டியலை முடித்துக்காட்டும் வழியும் திறந்திருக்கிறது. அதுவரை குறித்த எல்லைக்குள், மக்கள் அடர்த்தி இல்லாத நிலத்துக்கு மேல்தான் பறக்கலாம். பயணி கூடாது. 2014க்குப் பிறகு, தகுதியுள்ள இரண்டாவது பைலட் ஒருவரைச் சில நிபந்தனைகளோடு கூட்டிக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். புது விமானம், புது எஞ்சின், அதை முன்பின் ஓட்டிப் பழகாத பைலட் என மூன்றும் ஒன்றாகச் சேரும் முதல் சில மணி நேரத்தில் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருப்பது எத்தனை பெரிய உதவி! அந்தத் தளர்வு முன்பே வந்திருக்க வேண்டும்.

இந்தச் சோதனைப் பறப்பு முடிந்ததும், பதிவேட்டில் ஒரு வாக்கியம் எழுதப்படும். இந்த முறையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். அதன் சாரம்: குறித்த சோதனைப் பறப்பு முடிந்தது, தன் இயல்பான வேக எல்லை முழுவதிலும், செய்யவிருக்கும் எல்லாத் திருப்பங்களிலும் இந்த விமானம் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது, ஆபத்தான இயல்போ வடிவமைப்போ இதில் இல்லை, இயக்குவதற்குப் பத்திரமானது. கீழே, எந்த எடையில், எடை மையம் எங்கே இருக்க, என்னென்ன வேகங்கள் கிடைத்தன என்ற எண்கள். அதன் கீழே ஒரு கையெழுத்து. அது அரசு அதிகாரியின் கையெழுத்து இல்லை, ஓட்டிச் சோதித்தவருடையது. பெரும்பாலும் கட்டியவரே அவர். ‘பத்திரமானது’ என்ற சொல் அந்த விமானத்தின் வாழ்க்கையில் முதன்முதலாக எழுதப்படுவது, அதை இறக்கியும் ஏற்றியும் பார்த்தவரின் கையால். விமானத்துக்குள் இருக்கும் எச்சரிக்கைத் தகடு ஏன் அப்படிப் பேசுகிறது என்பது இங்கே விளங்கும். அரசு தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல மறுக்கிறது. நேர்மை என்று நான் சொன்னது இதைத்தான்.

கட்டியவருக்கு இன்னொரு உரிமையும் கிடைக்கிறது. நம் ஊரில் வண்டிக்கு எஃப்.சி. எடுப்பது போல, இந்த விமானங்களுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை நிலை ஆய்வு உண்டு. முதன்மையாகக் கட்டியவர் விண்ணப்பித்தால் ‘ரிப்பேர்மன்’ சான்றிதழ் கொடுக்கிறார்கள். அந்த ஒரு விமானத்துக்கு, அந்த ஒரு தொடர் எண்ணுக்கு மட்டும், ஆண்டு ஆய்வை அவரே செய்து கையெழுத்துப் போடலாம். பழுது பார்ப்பதற்கு அந்தச் சான்றிதழ்கூடத் தேவையில்லை, யாரும் பார்க்கலாம். ஆண்டு ஆய்வில் போடும் கையெழுத்துக்குத்தான் தகுதி கேட்கிறார்கள். பெரிய மாற்றம் ஏதாவது செய்தால் உள்ளூர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, மறுபடியும் சோதனைப் பறப்புக்குப் போக வேண்டும். இவ்வளவு சுதந்திரத்துக்கும் விலையாக ஒரு தடை: வாடகைக்கோ கூலிக்கோ ஆளையோ பொருளையோ ஏற்றக்கூடாது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கட்டியவரும் ஓட்டுகிறவரும் ஒரே ஆள் என்ற நம்பிக்கை அது. ஒவ்வொரு ரிவெட்டையும் அறிந்தவர், எரிபொருள் குழாய் எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்தான் ஓட்டுகிறார் என்றால், அரசு விலகி நிற்பதில் நியாயம் உண்டு. விமானத்தை விற்றுவிட்டால்?

1997 அக்டோபர் 12. பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின் ஒரு லாங்-ஈஸி விமானத்தில் கிளம்பினார். பர்ட் ரூட்டான் வடிவமைத்த, வீட்டில் கட்டும் வகை. கட்டியவர் வேறொருவர்; டென்வர் அதை அண்மையில்தான் வாங்கியிருந்தார். சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது, அவர் இறந்துபோனார்.

என்.டி.எஸ்.பி. எனும் விபத்து விசாரணை வாரியம் கண்டறிந்ததைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும். ரூட்டானின் வரைபடத்தில், எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று மாற்றும் கைப்பிடி பைலட்டின் கால்களுக்கு நடுவே இருந்தது. எரிபொருள் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வரக்கூடாது என்று கட்டியவர் நினைத்தார். நல்ல எண்ணம்தான். அதற்காகக் கைப்பிடியைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால், சுவரில் கொண்டுபோய் வைத்தார். அதைத் திருப்ப வேண்டுமானால் கட்டுப்பாட்டுக் குச்சியிலிருந்து கையை எடுக்க வேண்டும், தோள் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும், உடம்பை இடப்பக்கம் 90 டிகிரி திருப்ப வேண்டும், பின்னால் எட்டிக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். விசாரணையாளர்கள் இதே போன்ற இருக்கையில் உட்கார்ந்து செய்து பார்த்தார்கள். உடம்பு இடப்பக்கம் திரும்பும்போது, தாங்கலுக்காக வலது கால் தானாக நீண்டு வலப் பெடலை மிதித்தது. கைப்பிடியில் எந்த நிலை எந்த டேங்குக்கு என்ற குறிப்பும் இல்லை, எரிபொருள் அளவைக் காட்டும் கண்ணாடியிலும் குறியீடு இல்லை. கிளம்புவதற்கு முன் டேங்குகளில் எரிபொருள் குறைவாகவே இருந்தது. அந்தக் கைப்பிடியை எட்டுவதற்கு ஒரு இடுக்கியை நீட்டிப்பாக மாட்டிப் பார்த்திருக்கிறார்கள், அது சரிப்படவில்லை.

எரிபொருள் திட்டமிடாதது, போதிய பழக்கம் இல்லாதது என்று டென்வரின் பங்கையும் வாரியம் சொன்னது. ஆனால் அந்தக் கைப்பிடி அங்கே இருந்ததும் காரணங்களில் ஒன்று என்று எழுதியே வைத்தது. அந்தக் கைப்பிடியோடுதான் அந்த விமானம் தகுதிச் சான்றிதழ் பெற்றது. விதிப்படி அதில் தவறே இல்லை. வரைபடத்தை மாற்றும் உரிமை கட்டுகிறவருக்கு உண்டு. அவர் அதற்குப் பழகியிருப்பார், அவர் கைக்கு அது எட்டும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்ற அறிவு விற்பனைப் பத்திரத்தில் ஏறுவதில்லை.

2012இல் என்.டி.எஸ்.பி. இந்த வகை விமானங்களைப் பற்றித் தனி ஆய்வு ஒன்றை வெளியிட்டது. அமெரிக்கப் பொது விமானத் தொகுப்பில் இவை ஏறத்தாழ 10 சதவீதம். ஆனால் 2011இல் நடந்த விபத்துகளில் ஏறத்தாழ 15 சதவீதமும், உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் 21 சதவீதமும் இவற்றினுடையவை. அந்த ஆண்டு அவர்கள் ஆராய்ந்த விபத்துகள் 224. அவற்றில் பாதிக்கு மேல், ஓட்டியவரோ உரிமையாளரோ கட்டாத, பிறரிடம் வாங்கிய விமானங்கள். எஞ்சின் நின்றுபோவதும், பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதும்தான் அதிகம் நடந்தவை. எரிபொருள் அமைப்பைச் சான்றிதழுக்கு முன் ஓட்டிச் சோதித்து எழுதிவைக்க வேண்டும், சோதனைப் பறப்பின் முடிவுகளை யாராவது வாங்கிப் படிக்க வேண்டும் என்றெல்லாம் வாரியம் பரிந்துரைத்தது. என்னைக் கேட்டால், ஆபத்து கராஜில் இருப்பதைவிடக் கைமாறும் இடத்தில் அதிகம் இருக்கிறது. கட்டுகிறவரிடம் இத்தனை கேட்கும் விதி, வாங்குகிறவரிடம் ஏறத்தாழ ஒன்றுமே கேட்பதில்லை. ரிப்பேர்மன் சான்றிதழும் கட்டியவரோடு நின்றுவிடும், விமானத்தோடு போகாது.

பிரிட்டன் வேறு பாதையில் போனது. அங்கே எல்.ஏ.ஏ. எனும் சங்கத்தின் பொறியாளர்கள் வடிவமைப்பையே பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கட்டத் தொடங்கலாம். கட்டும்போது ஒவ்வொரு கட்டத்திலும், மூடுவதற்கு முன், சங்கத்தின் ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போடுவார். கைப்பிடியை இடம் மாற்ற வேண்டுமென்றால் அதற்கும் விண்ணப்பம் போட வேண்டும். டென்வர் விமானத்தின் மாற்றம் அங்கே என்றால் ஒரு பொறியாளரின் மேசைக்குப் போயிருக்கும். முடிவில் கிடைப்பது ‘பறக்கும் அனுமதி’, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கனடாவிலும் மூடுவதற்கு முந்தைய ஆய்வு உண்டு. கேரளத்தைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், கொரோனா ஊரடங்குக் காலத்தில் எசெக்ஸில் நான்கு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி, மகளின் பெயரைப் பதிவெழுத்தாக வைத்து, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றிவந்த செய்தி 2022இல் நம் நாளிதழ்களில் வந்தது. அவர் கடந்தது இந்தப் பிரிட்டிஷ் முறையைத்தான்.

அமெரிக்க முறையில் உள்ள சுதந்திரம் பல புது வடிவமைப்புகளுக்கு வழிவிட்டது உண்மை. ரூட்டானின் விமானங்களே அதற்குச் சாட்சி. ஆனால் மூடுவதற்கு முன் இன்னொரு ஜோடிக் கண் பார்க்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் திரும்பக் கொண்டுவந்தால் அந்தச் சுதந்திரத்துக்கு எந்தக் குறையும் வராது என்பது என் எண்ணம். தொழில்நுட்ப ஆலோசகர்கள் ஏற்கெனவே ஊரூருக்கு இருக்கிறார்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. மும்பையைச் சேர்ந்த பைலட் அமோல் யாதவ், கான்டிவலியில் தன் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடமிருந்து பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். பறந்து பார்ப்பதற்கான அனுமதி 2019 அக்டோபரில். மாநில முதல்வரும் பிரதமரும் அறிந்த ஒருவருக்கே இத்தனை ஆண்டுகள். அமெரிக்காவில் இளஞ்சிவப்புக் காகிதத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கட்டத் தொடங்கும் முதல் நாளிலேயே ஒருவர் பட்டியல் போட்டுக்கொள்ளலாம். யாதவுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களில் சிலர் இப்போது இந்த விமானங்களைப் பழையதாக வாங்கப் பார்க்கிறார்கள். ஆலை விமானத்தைவிட விலை குறைவு, வேகம் அதிகம். வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் திரைகளையும் பார்ப்பதற்கு முன் கட்டியவரின் நாட்குறிப்பையும் படங்களையும் கேளுங்கள். அடுத்து, முதல் கட்டம் முடிந்தபோது பதிவேட்டில் எழுதிய அந்த வாக்கியத்தையும், அதன் கீழுள்ள எண்களையும் பாருங்கள். வேகங்கள் எல்லாம் முழு எண்களாக, கிட் நிறுவனத்தின் விளம்பரத் தாளில் உள்ளபடியே இருந்தால், அவை பறந்து எடுத்தவையா, பார்த்து எழுதியவையா என்று கேளுங்கள். முடிந்தால் கட்டியவரையே ஒரு நாள் ஹேங்கருக்கு வரவழைத்து, இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, எரிபொருள் கைப்பிடியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.